மேலே எழுதினாலும் கீழேதான் வரும்

கேள்வி: அப்பா காலமான பிறகு, பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரப்படி நானும் அண்ணனும் நிலத்தைப் பிரித்துக்கொண்டோம். என் பங்கு 42 சென்ட். உட்பிரிவு செய்து தனிப் பட்டா கேட்டு, சென்ற ஆண்டு ஆவணியில் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன். நில அளவர் இன்னும் வரவில்லை. கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டால் தாலுகா அலுவலகத்துக்குப் போகச் சொல்கிறார். அங்கே போனால் சர்வேயரைப் பார்க்கச் சொல்கிறார்கள். சர்வேயர் இருக்கையில் இருப்பதே இல்லை. திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்திலும் மனு கொடுத்தேன், 1100-க்கும் போன் செய்தேன். ‘தங்கள் மனு மீது நடவடிக்கை முடிவுற்றது’ என்று செல்பேசிக்குச் செய்தி வந்தது. எதுவும் முடியவில்லை. ‘கொஞ்சம் செலவு செய்தால் அடுத்த வாரமே அளந்துவிடுவார்கள்’ என்று ஒருவர் சொல்கிறார். முதலமைச்சருக்கும் பிரதமருக்கும் நேரடியாக எழுதினால் நடக்குமா? யாருக்கு, எப்படி எழுத வேண்டும்? மனு நகல்களை இணைத்திருக்கிறேன்.
– தென் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில் அளிப்பவர்: ஓய்வுபெற்ற வட்டாட்சியர்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தச் ‘செலவை’ச் செய்யாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். உங்களிடம் பதிவு செய்த பத்திரம் இருக்கிறது, அண்ணனோடு தகராறு இல்லை, விண்ணப்ப எண் கையில் இருக்கிறது. இந்த மூன்றும் இருப்பவருக்குப் பட்டாவை மறுக்க எந்த அலுவலகத்துக்கும் காரணம் கிடையாது. தாமதப்படுத்த மட்டும்தான் முடியும். அந்தத் தாமதத்தை எழுத்தில் கொண்டுவருவதுதான் இப்போது உங்கள் வேலை.

முதலமைச்சருக்கும் பிரதமருக்கும் எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கடிதம் போகும் பாதையையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரதமர் அலுவலகத்துக்கு அனுப்பும் மனு, மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளத்தில் பதிவாகும். நில அளவையும் நிலப் பதிவேடுகளும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருப்பவை. ஆகவே டெல்லி அதைச் சென்னைக்கு அனுப்பும். சென்னையிலிருந்து மாவட்ட ஆட்சியருக்கு வரும், அவரிடமிருந்து வட்டாட்சியருக்கு. கடைசியில், எந்த உதவியாளரின் மேசையில் உங்கள் விண்ணப்பம் இப்போது கிடக்கிறதோ அதே மேசைக்கு ஒரு முகப்புக் கடிதத்தோடு வந்து சேரும். முதல்வரின் தனிப்பிரிவுக்கு எழுதினாலும் இதே கதைதான். மேலே எழுதுவதால் கேடில்லை. ஆனால் எவ்வளவு உயரத்துக்கு எழுதினாலும் மனு இறங்கி வரும் இடம் ஒன்றுதான் என்பதால், அந்த இடத்தில் அது என்ன ஆகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது.

நீங்கள் அனுப்பியிருந்த மனு நான்கு பக்கம். முதல் பக்கம் அப்பா ஊருக்குச் செய்த நல்ல காரியங்கள். இரண்டாம் பக்கம் கிராம நிர்வாக அலுவலர் உங்களை நிற்க வைத்துப் பேசியது. மூன்றாம் பக்கத்தின் நடுவே, புல எண் இல்லாமல், ‘எனக்குப் பட்டா வேண்டும்’ என்ற வரி. நான்காம் பக்கத்தில் தெருவிளக்கு எரியாததும், அம்மாவின் முதியோர் உதவித்தொகை நின்றுபோனதும். அத்தனையும் உண்மை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எல்லாவற்றையும் சொல்லத் தோன்றும் உங்கள் மனமும் புரிகிறது. ஆனால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் வாங்கிய மனுக்கட்டு செவ்வாய்க்கிழமை பிரிவு உதவியாளரிடம் வரும்போது, அவர் செய்ய வேண்டிய முதல் வேலை ஒவ்வொரு மனுவுக்கும் ஒரே வரியில் ‘பொருள்’ எழுதிப் பதிவு செய்வது. எந்தத் துறை, எந்த வட்டம், எந்தக் கோரிக்கை என்று முதல் சில வரிகளிலேயே அவருக்குத் தெரிய வேண்டும். உங்கள் மனுவின் முதல் பக்கத்தைப் பார்த்தவர் ‘இதர கோரிக்கை’ என்று போட்டிருந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். தெருவிளக்கு ஊராட்சியின் வேலை, உதவித்தொகை சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரின் வேலை, பட்டா வட்டாட்சியரின் வேலை. மூன்று அலுவலகங்களுக்கு ஒரே தாளில் எழுதினால், ஒருவர் தன் பங்குக்குப் பதில் சொன்னதும் மனு முழுவதும் முடிந்ததாகக் கணக்கில் ஏறிவிடும்.

ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வட்டாட்சியருக்கு நீங்கள் இப்போது கொடுக்க வேண்டியது ஏறத்தாழ இப்படி இருக்கட்டும்:

பொருள்: பட்டா மாறுதல் – உட்பிரிவு – (கிராமம்) – புல எண் (…) – விண்ணப்பம் நிலுவை – நில அளவை செய்து உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது இ-சேவை விண்ணப்ப எண், நாள். 2. மாவட்ட ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாள் மனு எண், நாள். 3. 1100 உதவி மைய மனு எண், நாள்.

பார்வை 1-ல் கண்ட எனது விண்ணப்பத்தின் மீது இந்நாள்வரை நில அளவை செய்யப்படவில்லை. பாகப்பிரிவினைப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, தற்போதைய கூட்டுப் பட்டா நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். நில அளவை செய்யும் நாளை எனக்கும் அடுத்த நிலத்தாருக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, அளவை செய்து, உத்தரவு வழங்க வேண்டுகிறேன். கோரிக்கையை ஏற்க இயலாது எனில், அதற்கான காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் உத்தரவு வழங்க வேண்டுகிறேன்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ‘முடியாது’ என்று எழுதிக் கொடுத்தால் மேல்முறையீடு செய்யலாம். மௌனத்தின் மீது மேல்முறையீடு செய்ய முடியாது. அலுவலகங்கள் மறுப்பதைவிட மௌனமாக இருப்பதையே அதிகம் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனுவை இரண்டு பிரதிகள் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் அலுவலக முத்திரையும் தேதியும் சுருக்கொப்பமும் வாங்குங்கள். ‘அய்யாவிடம் நேரில் கொடுங்கள்’ என்று சொன்னால் நேரிலும் கொடுங்கள். ஆனால் முத்திரை இல்லாமல் திரும்பாதீர்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம். தபால் நிலையத்துக்குப் போய் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும், சேர்ந்த விவரத்தை இணையத்தில் எடுத்து அச்சிட்ட தாளையும் பத்திரப்படுத்துங்கள்.

அலுவலகத்திலிருந்து ஏதாவது கடிதம் வந்தால் அதன் தலைப்பில் ‘ந.க. எண்’ என்று ஒன்று இருக்கும். எண், ஆண்டு, பிறகு ‘அ3’ அல்லது ‘ஈ2’ போல ஓர் எழுத்தும் இலக்கமும். அந்தக் கடைசிப் பகுதி எந்தப் பிரிவில், எந்த இருக்கையில் உங்கள் கோப்பு இருக்கிறது என்பதைச் சொல்லும். ஒவ்வொரு உதவியாளரும் ‘தன்பதிவேடு’ என்று ஒன்று வைத்திருக்க வேண்டும். தன்னிடம் வந்த தாள், வந்த நாள், அதன் மீது என்ன செய்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். தாலுகா அலுவலகத்துக்குள் நுழைந்து ‘என் பட்டா என்ன ஆச்சு?’ என்று பொதுவாகக் கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். ‘அ3 இருக்கை, இந்த ந.க. எண்’ என்று கேட்டால் ஒருவர் பதிவேட்டைத் திறந்தே ஆக வேண்டும்.

‘நடவடிக்கை முடிவுற்றது’ என்ற அந்தச் செய்திக்கு வருகிறேன். இது உங்களை மட்டுமல்ல, பலரையும் மனம் உடைய வைக்கும் செய்தி. முடிந்தது மனுவே தவிர உங்கள் பிரச்சினை அல்ல. மனுவுக்கு ஒரு பதில் பதிவேற்றப்பட்டாலே கணினி அதை முடிந்ததாகக் காட்டும். இது தவறான முறை என்பதுதான் என் கருத்து. குறை தீர்ந்ததா என்று மனுதாரரைக் கேட்காமல் குறைதீர்ப்புக் கணக்கை முடிப்பது நியாயமல்ல. ஆனால் அந்தப் பதிலைத் தூக்கி எறியாதீர்கள். மனு எண்ணை இணையதளத்தில் இட்டு முழுப் பதிலையும் எடுத்துப் படியுங்கள். ‘மனுதாரரின் விண்ணப்பம் நில அளவர் வசம் நிலுவையில் உள்ளது, விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற பாணியில் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால், வேலை நடக்கவில்லை என்பதை அலுவலகமே தேதியோடு ஒப்புக்கொண்ட ஆவணம் அது. அடுத்த மனுவின் ‘பார்வை’யில் அதைச் சேருங்கள்.

நீங்கள் ஒவ்வொரு முறையும் புது மனுவாகக் கொடுத்திருக்கிறீர்கள். முந்தைய எண் எதிலும் இல்லை. அதனால் ஒவ்வொன்றும் முதல் மனுவாகவே தொடங்கி, முதல் பதிலோடு முடிந்திருக்கிறது. இனி எழுதும் எந்தத் தாளும் முந்தைய தாளின் எண்ணைச் சொல்லித் தொடங்கட்டும்.

மனுவைக் கொடுத்தபின் எவ்வளவு நாள் காத்திருப்பது? பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 21.9.2015 அன்று வெளியிட்ட அரசாணை எண் 99, மனு கிடைத்த மூன்று நாட்களுக்குள் ஒப்புகையும், அதிகபட்சம் ஒரு மாதத்துக்குள் முடிவும் தர வேண்டும் என்கிறது. கோரிக்கையை ஏற்காவிட்டால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அரசு ஊழியர்கள் எல்லாரும் அறிந்த ஆணை இது. மனுவின் அடியில் இந்த அரசாணை எண்ணை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். மிரட்டும் தொனி வேண்டாம், குறிப்பிட்டாலே போதும்.

ஒரு மாதம் கழிந்தும் அசைவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். 2005-ஆம் ஆண்டின் இந்தச் சட்டத்தைப் பலர் தவறாகப் பயன்படுத்தி ஏமாந்துபோகிறார்கள். ‘ஏன் அளக்கவில்லை?’, ‘இது நியாயமா?’ என்று கேட்பார்கள். அலுவலகத்தில் ஆவணமாக இருப்பதை மட்டும்தான் இந்தச் சட்டத்தின்கீழ் கேட்க முடியும். விளக்கமோ கருத்தோ கேட்டால் ‘தகவல் என்ற வரையறைக்குள் வராது’ என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். ஆகவே கேள்வி ஆவணத்தை நோக்கிப் போகட்டும். என் விண்ணப்பம் பெறப்பட்ட நாள் முதல் இன்றுவரை அதன் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைகளை நாள்வாரியாகத் தருக. அது எந்தெந்த அலுவலர்களிடம், பதவிப் பெயர்படி, எந்த நாள் முதல் எந்த நாள் வரை இருந்தது என்று தருக. கோப்பின் குறிப்புப் பக்கங்கள் உள்ளிட்ட நகல்களைத் தருக. இந்த மூன்றோடு நான்காவதாக இன்னொன்றைச் சேருங்கள்: நான் விண்ணப்பித்த நாளுக்குப் பிறகு அதே வருவாய் கிராமத்தில் பெறப்பட்டு, அளவை முடிக்கப்பட்ட உட்பிரிவு விண்ணப்பங்களின் எண், பெறப்பட்ட நாள், அளவை செய்த நாள் ஆகியவற்றைத் தருக. பெயர் கேட்காதீர்கள். பெயர் கேட்டால் பிறர் சொந்த விவரம் என்று மறுக்க இடம் கொடுப்பீர்கள். எண்ணும் நாளும் போதும். உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் போயிருக்கிறார்களா என்பது அதிலேயே தெரிந்துவிடும். இந்த நான்காவது கேள்விக்குப் பதில் தயாரிக்க உட்காரும்போதே பல கோப்புகள் நகரத் தொடங்கும். நாற்காலியின் மறுபுறம் இருந்து இதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

விண்ணப்பத்தை ‘பொதுத் தகவல் அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம்’ என்று முகவரியிட்டு, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணம் சொல்ல வேண்டியதில்லை. தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் ஐந்து நாட்களுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் சரிவராவிட்டால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நியாயமான காரணமின்றித் தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆணையம்வரை போனால் காலம் பிடிக்கும். உங்கள் விஷயம் அதுவரை போகாது என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் மீண்டும் ஒரு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். ஆனால் இம்முறை ‘பட்டா வழங்க வேண்டும்’ என்று ஆட்சியரிடம் கேட்காதீர்கள். பட்டா வழங்குபவர் அவர் அல்லர். ‘இத்தனை நாளாக நிலுவையில் உள்ள விண்ணப்பத்தை அளவை செய்து முடிக்க வட்டாட்சியருக்கு அறிவுறுத்த வேண்டும்’ என்று கேளுங்கள். யாரிடம் எந்த அதிகாரம் இருக்கிறதோ அதைக் கேட்டால்தான் அவரால் கையெழுத்துப் போட முடியும். உங்கள் தாலுகாவில் ஜமாபந்தி (ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் வருவாய்த் தீர்வாயம்) நடக்கும் காலம் நெருங்கியிருந்தால் அதையும் விடாதீர்கள். பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் நடக்கும். உங்கள் கிராமத்துக்கென்று குறித்த நாளில் கிராமக் கணக்குகளோடு வருவாய்த் துறை ஊழியர்கள் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்திருப்பார்கள். ‘அவரைப் பாருங்கள், இவரைப் பாருங்கள்’ என்று சொல்ல அன்றைக்கு வழியில்லை. பட்டா விஷயத்துக்கு, ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமையைவிட ஜமாபந்தியையே நான் சிறந்த இடமாகக் கருதுகிறேன்.

மற்ற இரண்டு குறைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெருவிளக்குக்கு ஊராட்சித் தலைவர் அல்லது செயலரிடம் எழுதிக் கொடுங்கள், பிறகு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதுங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. அங்கே எழுந்து சொல்லி, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அம்மாவின் உதவித்தொகைக்குத் தனி மனு. வங்கிக் கணக்குப் புத்தகத்தில் கடைசியாகப் பணம் வந்த மாதம் தெரியும் பக்கத்தின் நகலை அதோடு வையுங்கள்.

இனி அந்தச் ‘செலவு’. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் தண்டனைக்கு உரியவர். கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் காவல் துறைக்கோ புலனாய்வு அமைப்புக்கோ தெரிவித்தால் விலக்கு உண்டு. கொடுப்பதற்கு முன்பே தெரிவித்துவிட்டு அவர்கள் சொல்படி நடப்பவருக்கும் குற்றம் இல்லை. அலுவலர் யாராவது நேரடியாகவோ ஆள் மூலமாகவோ பணம் கேட்டால், மாவட்டத்திலுள்ள ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறைப் பிரிவை அணுகுங்கள். உங்களிடம் பேசிய நபர் உண்மையிலேயே அலுவலர் சார்பாகப் பேசினாரா, அலுவலர் பெயரைச் சொல்லித் தான் சம்பாதிக்கப் பார்த்தாரா என்பது நமக்குத் தெரியாது. தாலுகா அலுவலக வாசலில் இரண்டாம் வகை ஆட்கள் நிறைய. அதனால்தான் இதைப் பட்டா மனுவில் கலக்க வேண்டாம் என்கிறேன். சேவை கேட்கும் மனுவில் லஞ்சப் புகாரை எழுதினால், மனு விசாரணைக் கோப்பாக மாறி வேறு மேசைக்குப் போய்விடும். உங்கள் நிலம் அளக்கப்படாமல் கிடக்கும். புகார் தனி, மனு தனி.

இவ்வளவு செய்தும் மூன்று, நான்கு மாதங்களில் உத்தரவு வரவில்லை என்றால், மனுவைப் பரிசீலித்துக் குறிப்பிட்ட காலத்துக்குள் உத்தரவிடும்படி வட்டாட்சியருக்கு ஆணையிடக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். முத்திரை போட்ட மனு நகல், தபால் ரசீது, தகவல் சட்டப் பதில் எல்லாம் அங்கே உங்கள் சார்பில் பேசும். வழக்கறிஞர் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. தாலுகா நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப்பணிகள் குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இந்த உரிமையை அறியாமல் நகையை அடகு வைத்து வழக்குச் செலவு செய்யும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது.

வட்டாட்சியர் மறுத்து உத்தரவு போட்டால் கதை வேறு. அப்போது மீண்டும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. குறைமனு, மேல்முறையீட்டுக்கு மாற்று ஆகாது. நீங்கள் திங்கட்கிழமைகளில் வரிசையில் நிற்கும்போது மேல்முறையீட்டுக் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். உத்தரவு கையில் கிடைத்த நாளை அதன் மீதே எழுதி வைத்து, அதே வாரத்தில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். அதன்மேல் சீராய்வு மாவட்ட வருவாய் அலுவலரிடம்.

அளவை நாள் தெரிந்ததும் அண்ணனையும் பக்கத்து நிலத்துக்காரர்களையும் அன்று வயலில் இருக்கச் சொல்லுங்கள். ஒருவர் இல்லாமல் போனாலும் ‘ஆட்சேபணை எழலாம்’ என்று எழுதி ஒத்திவைக்க இடமாகிவிடும். பத்திரத்தின் அசலை நீங்களே எடுத்துப் போங்கள், யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள். பட்டா கணினியில் ஏறியதும் உங்கள் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், புதிய உட்பிரிவு எண், பரப்பு நான்கையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பட்டாவில் பரப்பு சென்ட்டில் இருக்காது, ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். உங்கள் 42 சென்ட்டுக்கு ஏறக்குறைய 17 ஏர் வர வேண்டும். புலப்பட (நில அளவை வரைபட) நகலையும் கேட்டு வாங்கி, புதுக் கோடு பத்திரத்தில் சொன்ன திசையில்தான் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது பிசகியிருந்தால் அந்த வாரமே, அந்த விண்ணப்ப எண்ணைப் பார்வையில் காட்டி, திருத்தம் கேட்டு ஒரு பக்க மனு கொடுத்துவிடுங்கள்.